கிழிக்காத தாள்

கார்வில் மில்லர்ஸ் பேஸ்பால் அணி அந்த வருஷம் நூற்று அறுபத்தொரு ஆட்டம் ஆடி நூற்று மூன்றில் தோற்றிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆட்டம். அக்டோபர் முதல் ஞாயிறு, மத்தியானம் ஒரு மணிக்கு. மைதானத்தின் முப்பதாயிரம் நாற்காலிகளில் நாலாயிரம் பேர் உட்கார்ந்திருந்தால் அதிகம். அதிலும் பாதிப் பேர் எதிரணியைப் பார்க்க வந்தவர்கள்.

எதிரணிக்கு அன்று ஜெயித்தால் முதலிடம், தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மில்லர்ஸுக்கு ஜெயித்தாலும் மூட்டைதான்.

ஏப்ரலில் முதல் ஆட்டத்தன்றே ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டியது. சகுனமே சரியில்லை என்றார்கள். தொடர்ந்து பதினோரு தோல்வி. எல்லாரும் மீசையை மழித்துக்கொண்டார்கள், தோற்றார்கள். மறுபடி வளர்த்தார்கள், அதற்கும் தோற்றார்கள். மூன்று வாரம் யாரும் காலுறை துவைக்கவில்லை; நாற்றம்தான் மிச்சம். மே மாதம் ராசியில்லாத மட்டைகளை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொளுத்தினார்கள், தீயணைப்பு வண்டி வந்தது. ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல் என்பார்களே, இவர்களுக்கு மேடை, மீசை, காலுறை எல்லாமே கோணல்.

ஜூனில் மேனேஜர் மில்ட் கார்மடி கடைசி ஆயுதத்தை எடுத்தார். ஒன்பது பேரின் பெயரையும் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கி, வருகிற வரிசைப்படி மட்டை பிடிக்க அனுப்பினார். யார் செய்த புண்ணியமோ, தொடர்ந்து நாலு ஆட்டம் ஜெயித்தார்கள். ஐந்தாம் நாள் ஒருத்தனுக்கு வயிற்றுப்போக்கு வந்து, வரிசை எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. அன்று ஆரம்பித்து ஒன்பது தோல்வி. அதிலிருந்து அணியில் ஒரு சட்டம் வந்தது. தொப்பியில் எடுத்து எழுதிய தாளை ஆட்டம் முடியும்வரை யாரும் கிழிக்கக் கூடாது.

இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துச் சிரித்த ஒரே ஆள் லெஸ்டர் ஹாலிக். மேனேஜருக்குப் பக்கத்தில் உட்காரும் உதவிக் கோச். வயது ஐம்பத்தெட்டு. வரிசைத் தாள் எழுதுவது அவர் வேலை. முத்து முத்தான கையெழுத்து. இருபது வருஷத்தில் ஒரு பெயர் மாறியதில்லை. "ராசியாவது கீசியாவது, பந்து மேல மட்டை படணும்யா" என்பார்.

அவர் மட்டையும் பந்து மேல் பட்டதுண்டு, பலன்தான் இல்லை. பெரிய லீக்கில் லெஸ்டர் ஆடியது பதினோரு நாள். ஒன்பது தடவை மட்டை பிடித்து ஒன்பது தடவையும் அவுட். பேஸ்பால் ஒன்றையும் மறக்காத ஆட்டம். பெரிய லீக்கில் ஒரே ஒரு நாள் ஆடினவன் பெயரைக்கூடப் புத்தகத்தில் போட்டு, பக்கத்தில் எத்தனை ஹிட் என்று அச்சடித்துவிடும். லெஸ்டர் பெயருக்கு நேரே பூஜ்யம். அந்தப் பக்கத்தை அவர் வீட்டில் யாரும் பிரிப்பதில்லை.

செப்டம்பர் மூன்றாம் தேதி சின்ன லீக்கிலிருந்து எமெட் லாஸ்கோ வந்து சேர்ந்தான். கேட்சர், அதாவது மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிப்பவன். வயது முப்பத்து மூன்று. பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராக ஆடப் போய்ப் பஸ்ஸிலேயே வாழ்ந்தவன். இரண்டு விரல் உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தன. பையன்கள் அவனுக்குப் 'பெருசு' என்று பெயர் வைத்தார்கள்.

"ஏன் பெருசு, நீ ஆட ஆரம்பிச்சப்ப பந்து கண்டுபிடிச்சிருந்தாங்களா?" என்பான் ரேனர். இருபத்தோரு வயது, கையில் வேகம், வாயில் அதைவிட வேகம்.

"கண்டுபிடிச்சிருந்தாங்கடா. உன்னைத்தான் இன்னும் கண்டுபிடிக்கல" என்பான் லாஸ்கோ.

ஒரு மாதம் பெஞ்சிலேயே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தான். ஒரே ஒரு தடவை மட்டை பிடிக்க அனுப்பினார்கள், அவுட். சீசன் முடிந்ததும் மச்சானுடைய தீவனக் கடையில் வேலைக்குச் சேர்வதாக முடிவாகியிருந்தது. அவன் கேட்டதெல்லாம் ஒரே ஒரு ஹிட். அடித்துவிட்டு அவுட் ஆகாமல் முதல் தளத்தில் ஒரு தடவை போய் நிற்க வேண்டும், புத்தகத்தில் தன் பெயருக்கு நேரே ஒன்று என்று வர வேண்டும். இதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. லெஸ்டருக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

கடைசி ஆட்டத்துக்கு லாஸ்கோவை இறக்கலாம் என்று மில்ட் ஒப்புக்கொண்டார். காலையில் மேனேஜர் அறையில் தொப்பி குலுங்கியது. ஏழாவதாக ரேனர் வந்தான், எட்டாவதாக லாஸ்கோ. லெஸ்டர் கார்பன் வைத்து நாலு நகலாக எழுதி மேஜைமேல் வைத்தார்.

காபி எடுக்கப் போனவர் வராந்தாவில் லாஸ்கோவைப் பார்த்தார். புதுச் சவரம், கன்னத்தில் ஒரு வெட்டு.

"என் வீட்டுக்காரி லொரீன் வந்திருக்கா, கோச்" என்றான். "நானூறு மைல், பஸ்ல. வேணாம்னேன், கேக்கல."

"எங்க உக்காந்திருக்கா?"

"நம்ம பெஞ்சுக்கு நேர் பின்னாடி. நாலாவது வரிசை. மஞ்சள் கோட்டு." கொஞ்சம் தயங்கினான். "எனக்கு எத்தனை தடவை வரும் கோச்? மூணா, நாலா?"

எட்டாவது ஆளுக்குப் பல நாள் மூன்றோடு முடிந்துவிடும். லெஸ்டர் காபியை மறந்து அறைக்குத் திரும்பினார்.

"மில்ட், லாஸ்கோவை ஏழுக்கு ஏத்திட்டு ரேனரை எட்டுக்கு இறக்கட்டுமா? அந்தாளுக்கு ஒரு வாய்ப்பு கூட வந்தாலும் வரும்."

மில்ட் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். முதலாளி மேலே கூப்பிட்டிருந்தார். எதற்கென்று இருவருக்கும் தெரியும். வாயைக் கையால் மூடிக்கொண்டு, "உன் இஷ்டம்யா, மாத்திக்கோ" என்றார்.

லெஸ்டர் பெஞ்சுச் சுவரில் ஒட்டுகிற பெரிய தாளை மாற்றி எழுதினார். மைக் அறைக்குப் போன் போட்டுப் புது வரிசையைச் சொன்னார். அம்பயருக்குக் கொடுக்கிற தாளையும் நாலு நகலாகப் புதிதாக எழுதினார். பிறகு பழைய தாளைக் கையில் எடுத்தார்.

மாற்றி எழுதினால் பழசைக் கிழி. இது வரிசை எழுதுகிற எவனுக்கும் முதல் பாடம். இருபது வருஷமாகக் கிழித்துக்கொண்டிருந்தவர்தான். அன்று கை வரவில்லை. தொப்பியில் எடுத்த தாள். இன்றைக்குப் பார்த்து எதற்கு வம்பு, லாஸ்கோவுடைய நாளாயிற்றே என்று தோன்றியது. சீசன் முழுக்கச் சிரித்த மனுஷன், கடைசி நாளில் பயந்துபோய்ப் பழைய தாளை மேஜை ஓரத்தில் மில்ட்டின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெரிய தாளை ஒட்ட வெளியே போனார்.

மில்ட் முதலாளி அறைக்கு ஓடும்போது மேஜையில் கைக்கு அகப்பட்ட தாளை எடுத்துப் பையில் செருகிக்கொண்டார். மேலே வேலை போயிற்று என்று சொன்னார்கள். கீழே இறங்கி நேராக மைதானத்துக்குப் போய், பையில் இருந்த தாளை அம்பயரிடம் ஒன்றும் எதிரணி மேனேஜரிடம் ஒன்றுமாக நீட்டினார். வேலை போன மனுஷன் எந்தத் தாளைப் படித்துப் பார்ப்பான்?

எதிரணி மேனேஜர் கஸ் வெண்டல். ஒரு காலத்தில் சின்ன லீக்கில் லெஸ்டரோடு மூன்று வருஷம் ஒரே அறையில் தங்கியவர். இரண்டாவது இன்னிங்ஸில் லாஸ்கோ மட்டையோடு வந்தபோது கஸ் ஸ்கோர் பலகையைப் பார்த்தார், பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். இதை லெஸ்டர் எதிர்ப் பெஞ்சிலிருந்து பார்த்தார். பார்த்து, கஸ்ஸுக்குக் கண் மங்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்.

லாஸ்கோ அந்தத் தடவை அவுட். நாலாவது இன்னிங்ஸில் பந்தைத் தொடவே இல்லை. ஏழாவதில் தரையோடு உருட்டி அவுட். ஒவ்வொரு தடவையும் கஸ் தாடையைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். முறை மாறி வந்தவன் அவுட் ஆனால் எதிரணிக்கு லாபம்தான், அதை ஏன் சொல்வானேன்? அம்பயருக்கும் தெரியும். எதிரணி கேட்காமல் அவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. ஆக, மைதானத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது, இரண்டு பேரும் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார்கள்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், மில்லர்ஸின் கடைசி முறை. எதிரணி மூன்று, மில்லர்ஸ் இரண்டு. ஒருவன் அவுட். இரண்டாம் தளத்தில் ஒருவன், மூன்றாம் தளத்தில் ஒருவன். ஏரிக் காற்று முகத்தில் அறைந்தது. மைக்கில் லாஸ்கோ பெயரைச் சொன்னார்கள். மஞ்சள் கோட்டு எழுந்து நின்றது.

"பெருசு, மச்சான் கடையில மூட்டை தூக்கணும்ல, இப்பவே தூக்கிப் பழகு!" என்று அடுத்து ஆட வேண்டிய ரேனர் கத்தினான். குரல் நடுங்கியது.

மூன்றாவது பந்து. லாஸ்கோ மட்டையை வீசினான். மட்டையின் கழுத்தில் பட்டு, சத்தமே இல்லாமல், பந்து ஏதோ மனசில்லாத மாதிரி மேலே போய், இரண்டாம் தளத்துக்குப் பின்னால் மூன்று பேர் ஓடிவந்தும் யார் கைக்கும் எட்டாமல் புல்லில் விழுந்தது. அசிங்கமான ஹிட். ஆனால் புத்தகத்தில் அழகு, அசிங்கம் என்று போடுவதில்லை. தளங்களில் நின்ற இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். நாலுக்கு மூன்று. லாஸ்கோ முதல் தளத்தை மிதித்துவிட்டு, அதன்மேலேயே, யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதைப் போல, இரண்டு காலையும் வைத்து நின்றான்.

பெஞ்சே காலியாகி அவன்மேல் போய் விழுந்தது. நூற்று மூன்று தோல்விக்காரர்கள் உலகத்தையே ஜெயித்த மாதிரி குதித்தார்கள். சட்டைப் பொத்தான்கள் தெறித்தன, தலையில் தண்ணீர் வாளி கவிழ்ந்தது. முதல் ஹிட் அடித்தவனுக்கு அந்தப் பந்தை எடுத்துக் கொடுப்பது வழக்கம். ரேனர் ஓடிப்போய்ப் பந்தை வாங்கி லெஸ்டரிடம் எறிந்தான்.

"எழுதுங்க கோச், உங்க கையால!"

லெஸ்டர் பேனாவை எடுத்துப் பந்தில் எழுதினார். 'எமெட் லாஸ்கோ. முதல் ஹிட்.' கீழே தேதி. கண் மறைத்தது, ஆனாலும் எழுத்து கோணவில்லை. தன் வாழ்க்கையிலேயே இவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதியதில்லை என்று நினைத்தார்.

அப்போதுதான் கஸ் தன் ஆட்களைப் பார்த்துக் கத்துவது கேட்டது. "எவனும் கோட்டைத் தாண்டாதீங்கடா! அவனவன் இடத்துலயே நில்லுங்க!"

கஸ் பையிலிருந்து தாளை எடுத்து விரித்துக்கொண்டே அம்பயரிடம் நடந்தார். அவசரமே இல்லை. லெஸ்டர் அந்தத் தாளைப் பார்த்தார். மேஜை ஓரம், காபிக் கோப்பை, கிழிக்காத தாள், எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்தது.

"என்ன ஆச்சு?" என்றான் லாஸ்கோ. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அம்பயர் தன் தாளை எடுத்தார், கஸ்ஸின் தாளை வாங்கினார், இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். வந்திருக்க வேண்டியவன் ரேனர். வந்தவன் லாஸ்கோ. எதிரணி மைதானத்தை விட்டு இறங்குவதற்குள் கேட்டுவிட்டால், விதிப்படி, முறைக்கு வராத ரேனர் அவுட். முறை மாறி வந்த லாஸ்கோ அடித்தது, அடிக்காதது. ஓடியவர்கள் திரும்பப் பழைய தளங்களுக்குப் போக வேண்டும். ரேனருக்கு அடுத்தவன், தாளின்படி, லாஸ்கோ.

"இன்னொரு தடவை ஆடணும்பா நீ" என்றார் அம்பயர். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"நான் அடிச்சிட்டேனே" என்றான் லாஸ்கோ. சண்டைக்குச் சொல்லவில்லை, தகவல் மாதிரி சொன்னான்.

மில்ட் அம்பயரோடு கத்திப் பார்த்தார். தாளில் இருப்பது தன் அணியின் எழுத்தே என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். கஸ் திரும்பும்போது லெஸ்டரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. "எனக்கும் இருபத்தஞ்சு பேர் இருக்கானுங்க, லெஸ்டர்" என்றார். கஸ்ஸைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தாள் எழுதியவர் கஸ் இல்லை.

லாஸ்கோ நனைந்த சட்டையைப் பேண்டுக்குள் சொருகிக்கொண்டு திரும்பவும் மட்டையோடு போனான். லெஸ்டர் தன் கையிலிருந்த பந்தைப் பையில் போட்டுக்கொண்டு, கடவுளே, ராசியே, மீசையே, காலுறையே என்று அகப்பட்டதையெல்லாம் வேண்டினார்.

முதல் பந்தையே லாஸ்கோ அடித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பெஞ்சு மொத்தமும் எழுந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அவன் அடித்ததிலேயே நல்ல அடி அதுதான். பந்து இடது பக்கச் சுவரை நோக்கி உயர்ந்து, உயர்ந்து, ஏரிக் காற்றில் ஒரு கணம் நின்றது. காற்று அதைத் திருப்பித் தள்ளியது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றவன் கையில் வந்து விழுந்தது.

மூன்றாவது அவுட், ஆட்டம் முடிந்தது. மூன்றுக்கு இரண்டு. நூற்று நாலாவது தோல்வி. எதிரணிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடினார்கள். லாஸ்கோ முதல் தளத்துக்குப் பாதி வழியில் நின்றுவிட்டான்.

உடை மாற்றும் அறையில் நிருபர்கள் மில்ட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். "தாளைக் குடுத்தது நான், தப்பும் என்னுது" என்றார் அவர். அவர்கள் போனதும் லெஸ்டர் கிட்டே போனார்.

"மில்ட், அது நான்..."

"வாயை மூடு. எனக்குத்தான் எப்படியும் சீட்டுக் கிழிஞ்சாச்சு. உனக்காவது வேலை மிஞ்சட்டும்."

பெரிய மனசு. லெஸ்டர் அதை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் பையில் பந்து கனத்தது.

வெளியே கார்கள் நிற்கும் இடத்தில் லாஸ்கோவும் லொரீனும் டாக்ஸிக்குக் காத்திருந்தார்கள். நாலு மணி வெயில். லொரீன் அவன் பையைத் தான் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"எமெட், தப்பு மில்ட்டோடது இல்ல" என்றார் லெஸ்டர். "வரிசையை மாத்துனது நான். பழசைக் கிழிக்காம விட்டதும் நான்."

லாஸ்கோ அவர் பக்கம் திரும்பினான். "ஏன் மாத்துனீங்க?"

"உனக்கு ஒரு தடவை கூட வரட்டும்னுதான்."

"வந்துச்சே" என்றான் லாஸ்கோ. சிரிக்கவில்லை.

"நீங்க அடிச்சதை நான் பாத்தேன்" என்றாள் லொரீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "நாலாயிரம் பேர் பாத்தாங்க. எனக்கு அது போதும்."

"எனக்குப் போதல, லொரீன்."

லெஸ்டர் பந்தை எடுத்து நீட்டினார். லாஸ்கோ வாங்கி, எழுதியிருந்ததைப் படித்தான். கோணல் விரலால் ஒரு தடவை தடவினான்.

"கோச், பெரிய லீக்ல உங்களுக்கு எத்தனை ஹிட்?"

"ஒண்ணும் இல்ல."

"அதான பாத்தேன். நான் ஒண்ணும் கேக்கலையே கோச். எட்டாவதா ஆடுன்னு சொல்லியிருந்தா எட்டாவதா ஆடியிருப்பேன். அந்த ஒண்ணு எனக்கு வேணும்கிறதைவிட உங்களுக்குத்தான் அதிகமா வேண்டியிருந்திருக்கு." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் லெஸ்டர் தாங்கியிருப்பார். "இந்தாங்க. உங்க கையெழுத்து, நீங்களே வெச்சுக்குங்க."

டாக்ஸி வந்தது. லொரீன் முதலில் ஏறினாள். லாஸ்கோ கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு தடவை மைதானத்தைப் பார்த்தான், அவரைப் பார்க்கவில்லை.

லெஸ்டர் திரும்பி மேனேஜர் அறைக்குப் போனார். மில்ட் தன் சாமானை அள்ளிக்கொண்டு போயிருந்தார். மேஜைமேல் ஆறிப்போன காபிக்குப் பக்கத்தில் புதுத் தாள் நாலு நகலோடும் கலையாமல் இருந்தது. ஏழு, லாஸ்கோ. எட்டு, ரேனர். முத்து முத்தான எழுத்து. பக்கத்தில் பழசின் கடைசி நகல் கசங்கிக் கிடந்தது. மில்ட் பையிலிருந்து எடுத்துப் போட்டிருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்துவிட்டது. இனிமேல் கிழிக்கலாம், யாருக்கும் எதுவும் ஆகாது. லெஸ்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பழைய தாளைக் கையால் நீவிச் சரிசெய்து, இரண்டாகக் கிழித்தார். பிறகு நாலாக. பிறகு எட்டாக. கிழித்துக்கொண்டே இருந்தார்.